தொடுவானுக்கு அப்பால் ஒரு காவல்

உரைநடை உலகம்

நுழையும்முன்

வயலுக்கு வரப்பு உண்டு. தோப்புக்கு வேலி உண்டு. கடலுக்கு இரண்டும் இல்லை. ஆயினும் கடலிலும் எல்லைகள் உள்ளன, விதிகள் உள்ளன, அவற்றை மீறுவோரும் உள்ளனர். கண்ணுக்கு எட்டாத தொலைவில் நிகழும் மீறலை யார் காண்பது? எவ்வாறு மெய்ப்பிப்பது? வானிலிருந்து கடலைக் காக்கும் முயற்சிகளையும், அம்முயற்சிகள் எழுப்பும் வினாக்களையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

ஆற்றின் வழியே கடல்

விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசிக்கு அண்மையில் உள்ளது ஆனைக்குட்டம். 'குட்டம்' என்பது ஆழமான நீர்நிலையைக் குறிக்கும் பழந்தமிழ்ச்சொல். பெயருக்கேற்ப இங்கு அர்ச்சுனா ஆற்றின் குறுக்கே நீர்த்தேக்கம் ஒன்று அமைந்துள்ளது. இவ்வாறு இருக்கன்குடியில் வைப்பாற்றோடு கலக்கிறது. வைப்பாறு தூத்துக்குடி மாவட்டத்திற்குள் நுழைந்து, விளாத்திகுளம் பகுதியைக் கடந்து, மன்னார் வளைகுடாவில் சங்கமிக்கிறது. கடற்கரையே இல்லாத மாவட்டம் விருதுநகர். எனினும் அம்மாவட்டத்து மழைநீர் சென்று சேரும் இடம், இந்தியாவின் வளம்மிக்க கடற்பரப்புகளுள் ஒன்றாகும்.

மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986ஆம் ஆண்டு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989இல் இவ்வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் என்னும் தகுதியைப் பெற்றது. பவளப்பாறைகள், கடற்புல் படுகைகள், ஆவுளியா எனப்படும் கடற்பசு, கடல் ஆமைகள், கடல் அட்டைகள் ஆகியவற்றின் உறைவிடம் இது. மீன்கள் முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும் தொட்டிலும் இதுவே. தொட்டில் சிதைந்தால் நாளைய மீனும் இல்லை. அம்மீனை நம்பி வாழும் குடும்பங்களுக்கு நாளைய உணவும் இல்லை.

நீரில் வரைந்த கோடுகள்

நீர்வாழ் உயிர்களைக் காக்கும் சட்டங்கள் புதியன அல்ல. 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம், வெடிபொருளையோ நஞ்சையோ பயன்படுத்தி மீன் பிடிப்பதைக் குற்றமாக்கியது. ஆறு, குளம், கடலோரம் என எல்லா நீர்ப்பரப்பிற்கும் அத்தடை பொருந்தும். நீருக்குள் வெடிக்கும் வெடி பெரிய மீனை மட்டும் கொல்வதில்லை. குஞ்சுகளையும் முட்டைகளையும் அழிக்கிறது, பவளப்பாறையையும் நொறுக்குகிறது. வெடிமருந்தின் ஆற்றலை நாள்தோறும் அறிந்திருக்கும் சிவகாசி வட்டார மக்களுக்கு இவ்வழிவின் அளவை விளக்கவேண்டியதில்லை.

இன்று தமிழகக் கடலில் மீன்பிடித்தலை நெறிப்படுத்துவது, 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டமாகும். கரையிலிருந்து 3 கடல்மைல் வரையிலான பரப்பு நாட்டுப்படகு மீனவர்க்கு உரியது. விசைப்படகுகள் அதற்கு அப்பால் சென்றே மடியை இறக்கவேண்டும். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில், கிழக்குக் கடற்கரையில் ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள்கள், விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக்கூடாது. வலைக்கண்ணின் அளவுக்கும் விதி உண்டு. இரண்டு படகுகள் இணைந்து ஒரே மடியை இழுக்கும் இரட்டை மடிக்கும், சுருக்குமடி வலைக்கும் தமிழ்நாட்டில் தடை உள்ளது.

கரையிலிருந்து 12 கடல்மைல் வரையிலான மீன்வளம் மாநில அரசின் அதிகாரத்திற்கு உட்பட்டது. அதற்கு அப்பால், 200 கடல்மைல் வரையிலான தனிப்பொருளாதார மண்டலம் ஒன்றிய அரசின் பொறுப்பில் உள்ளது.

இக்கோடுகள் யாவும் வரைபடத்தில் தெளிவாகத் தெரியும், நீரில் தெரியா. விசைப்படகு 3 கடல்மைலுக்குள் நுழைந்து இழுவை மடியை இழுத்தால், நாட்டுப்படகு மீனவர் விரித்துவைத்த வலை அறுபடுகிறது. கடன்பெற்று வாங்கிய வலையோடு அன்றைய வருவாயும் போகிறது. கண்காணிப்பு என்பது மீனைக் காப்பதோடு முடிவதில்லை. எளியவரின் உரிமையைக் காப்பதும் அதன் கடமையாகும்.

தெரிந்து தெளிவோம்

ஒரு கடல்மைல் என்பது 1.852 கிலோமீட்டர். எனவே 3 கடல்மைல் ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீட்டர் ஆகும். கடல்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் கண் இருந்தால், தொடுவானம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில் அமையும். 120 மீட்டர் உயரத்திற்குச் சென்றால் அது 39 கிலோமீட்டராகவும், 300 மீட்டர் உயரத்தில் 62 கிலோமீட்டராகவும் விரியும். கரையில் நிற்பவரின் தொடுவானத்திற்குச் சற்று அப்பால் அமைந்துள்ளது நாட்டுப்படகு மீனவரின் எல்லைக்கோடு. அக்கோட்டைக் காண உயரம் வேண்டும்.

உயரத்தின் பயன்

கலங்கரை விளக்கத்தின் உச்சியும் பாய்மரக் கப்பலின் கொடிமர மேடையும் உயரத்தின் பயனை மனிதர் முன்பே உணர்ந்திருந்தமைக்குச் சான்றுகள். வானூர்தி அவ்வுயரத்திற்கு விரைவையும் சேர்த்தது. ரோந்துக் கப்பல் நெடுநேரம் அலைந்து காணும் கடற்பரப்பை, வானூர்தி சிறிது நேரத்தில் கண்டுவிடும்.

இந்தியக் கடலோரக் காவற்படை 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி முறையாக நிறுவப்பட்டது. மீனவருக்குப் பாதுகாப்பும் உதவியும் அளித்தல், கடற்சூழலைப் பேணுதல், கடல்சார் சட்டங்களை நடைமுறைப்படுத்துதல் ஆகியன அதன் கடமைகள். இப்படையின் டார்னியர் வானூர்திகள் ரேடார் கருவியையும் படக்கருவிகளையும் சுமந்து கடலை வலம்வருகின்றன. விரிகடலில் ஐயத்திற்குரிய கலம் தென்பட்டால், அதன் இருப்பிடத்தை அருகிலுள்ள ரோந்துக் கப்பலுக்கு அறிவிக்கின்றன. மன்னார் வளைகுடாப் பகுதியில் மண்டபம், தூத்துக்குடி ஆகிய இடங்களில் இப்படையின் நிலையங்கள் இயங்குகின்றன. 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ள கடல் அட்டையைக் கடத்துவோர் இப்பகுதியில் பலமுறை பிடிபட்டுள்ளனர்.

இராமநாதபுரத்தை அடுத்த உச்சிப்புளியில் உள்ள கடற்படை வானூர்தித் தளத்திற்கு 'ஐ.என்.எஸ். பருந்து' என்று பெயர். ஆளில்லா வானூர்திகளும் இங்கிருந்து இயக்கப்படுகின்றன. இத்தளத்தின் முதன்மை நோக்கம் நாட்டின் பாதுகாப்பே ஆகும். எனினும் உயரே வட்டமிட்டு, கீழே உள்ளதை நுணுகிக் காணும் பறவையின் தமிழ்ப்பெயர் அதற்கு மிகவும் பொருந்துகிறது.

ட்ரோன் என வழங்கும் சிறிய ஆளில்லா வானூர்தி, செலவைப் பெரிதும் குறைத்துள்ளது. விமானியோ ஓடுபாதையோ தேவையில்லை; கடற்கரை மணலிலிருந்தே அதனை ஏவலாம். 2025ஆம் ஆண்டு சனவரியில் மகாராட்டிர அரசு, சட்டத்திற்குப் புறம்பான மீன்பிடிப்பைத் தடுப்பதற்காகத் தன் கடலோரத்தில் ட்ரோன் வழிக் கண்காணிப்பைத் தொடங்கியது. எனினும் ட்ரோனுக்கும் வரம்புகள் உண்டு. மின்கலத்தின் ஆற்றல் தீருமுன் அது கரை திரும்பவேண்டும். கடற்காற்று வலுத்தால் நிலைதடுமாறும். மழையில் பார்வை மங்கும். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள், பறக்கும் உயரத்தையும் பறக்கும் பகுதிகளையும் வரையறுத்துள்ளன.

வானூர்திக்கும் மேலே செயற்கைக்கோள்கள் உள்ளன. ரேடார் பொருத்திய செயற்கைக்கோள் இருளையும் மேகத்தையும் ஊடுருவிக் கடற்பரப்பில் உள்ள கலங்களைப் புள்ளிகளாகக் காட்டும். மற்றொரு வகை, இரவில் ஒளிரும் விளக்குகளைப் பதிவுசெய்யும். செறிந்த எல்.இ.டி. விளக்கொளியால் மீன்களை ஈர்த்துப் பிடிப்பதை ஒன்றிய அரசு 2017ஆம் ஆண்டு நவம்பரில் தடைசெய்தது. மீனை மயக்கும் அவ்வொளியே, அதனை ஏற்றியவரை விண்ணுக்குக் காட்டிக்கொடுக்கிறது.

காணாப் படகுகள்

பெரிய கலங்கள் தம் பெயர், இருப்பிடம், விரைவு ஆகியவற்றை வானொலிக் குறிகைகளால் தாமே அறிவிக்கும் அமைப்பு ஒன்று உள்ளது. கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பதற்காகவே அது தோன்றியது. மீன்பிடிக் கலங்களைப் பின்தொடரவும் அது பயன்பட்டது. ஆனால், தவறிழைக்க நினைப்பவர் கருவியை அணைத்துவிட்டால் கலம் திரையிலிருந்து மறைந்துவிடும். 2024ஆம் ஆண்டு சனவரியில் 'நேச்சர்' ஆய்விதழில் வெளியான ஆய்வொன்று, செயற்கைக்கோள் படங்களையும் குறிகைப் பதிவுகளையும் ஒப்பிட்டது. உலகின் பெருந்தொழில் மீன்பிடிக் கலங்களுள் ஏறத்தாழ முக்கால் பங்கு, பொதுவெளியில் பின்தொடரப்படாதவை என்று அது கண்டறிந்தது.

இத்தகைய காணாப் படகுகளைத் தேட, அறிவியலாளர் பறவையையும் துணைக்கு அழைத்தனர். தென்னிந்தியப் பெருங்கடலில் வாழும் அல்பட்ராசு என்னும் பெரும் கடற்பறவை, உணவு நாடி மீன்பிடிக் கலங்களைத் தேடிச் செல்லும் இயல்புடையது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் 169 அல்பட்ராசுகளின் மீது, கப்பலின் ரேடார் அலைகளை உணரும் சிறு கருவிகளைப் பொருத்தினர். பறவை சென்ற இடத்தில் ரேடார் அலை இருந்து, கலத்தின் குறிகை இல்லையெனில், அங்கு ஒரு கலம் மறைந்து இயங்குகிறது என்பது பொருள். 2020இல் வெளியான இவ்வாய்வின்படி, பறவைகள் கண்ட கலங்களுள் நூற்றுக்கு 28 தம் இருப்பிடத்தை அறிவிக்கவில்லை. எந்நாட்டிற்கும் உரிமையில்லாப் பன்னாட்டுக் கடற்பரப்பில் இவ்விகிதம் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேலாக இருந்தது.

காட்சியும் சான்றும்

வானிலிருந்து ஒரு படகைக் காண்பது வேறு. அப்படகு குற்றம் செய்தது என்று மெய்ப்பிப்பது வேறு. வலைக்கண்ணின் அளவை 300 மீட்டர் உயரத்திலிருந்து அளக்க இயலாது. படகின் அடித்தளத்தில் உள்ள பனிக்கட்டிக்குக் கீழே கடல் அட்டை உள்ளதா என்பதை எந்தப் படக்கருவியும் காட்டாது. இயந்திரத்தின் குதிரைத்திறனை வானம் அறியாது. இவற்றை அறிய ஒருவர் படகில் ஏறவேண்டும். அல்லது மீன் இறங்குதளத்தில் நின்று சோதிக்கவேண்டும்.

எடுத்த படம் நீதிமன்றத்தில் ஏற்கப்படுவதற்கும் நெறிகள் உள்ளன. படம் எங்கு, எந்நேரத்தில், எக்கருவியால் எடுக்கப்பட்டது என்பது பதிவாகியிருக்கவேண்டும். எடுத்தபின் அது திருத்தப்படவில்லை என்பது உறுதிப்படவேண்டும். 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாட்சிய அதினியம், மின்னணுப் பதிவுகளைச் சான்றாகப் படைப்போர் அதற்குரிய சான்றிதழை இணைக்கவேண்டும் என்கிறது. படகின் பதிவெண் தெளிவாகத் தெரியவில்லை எனில், அழகிய படமும் வெறும் காட்சியாகவே நின்றுவிடும்.

ஆகவே வானத்துக் கண்ணுக்குக் கடலில் கால் வேண்டும். கரையில் கை வேண்டும். வானூர்தி இடத்தைச் சுட்டுகிறது. ரோந்துப் படகு அவ்விடத்தை அடைகிறது. மீன்வளத்துறை அலுவலர் சோதித்துப் பதிவுசெய்கிறார். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் சட்டம் ஏட்டளவிலேயே இருக்கும்.

காண்பவனே காப்பவன்

2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக்கடலைச் சூறையாடியது. ஆழ்கடலுக்குச் சென்றிருந்த கன்னியாகுமரி, திருவனந்தபுரம் மாவட்ட மீனவர் பலர் உயிரிழந்தனர்; பலர் கரை திரும்பவே இல்லை. புயல் வருவதை அவர்களுக்குத் தெரிவிக்கவோ, அவர்கள் இருக்குமிடத்தை அறியவோ போதிய கருவிகள் படகுகளில் இல்லை. கடலோரக் காவற்படை, கடற்படை, விமானப்படை ஆகியவற்றின் வானூர்திகளும் கப்பல்களும் அலைகடலில் தேடி, உயிரோடிருந்தோரைக் காத்தனர். விதிமீறலைத் தேடும் அதே கண், அன்று உயிரைத் தேடியது.

அத்துயரம் ஒரு பாடத்தை விட்டுச்சென்றது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில், செயற்கைக்கோள்வழி இருபுறமும் செய்தி அனுப்பும் கருவிகள் உருவாக்கப்பட்டன. தமிழ்நாட்டு விசைப்படகுகளிலும் அவை பொருத்தப்பட்டன. 2024 ஆகத்து 30 அன்று ஒரு இலட்சம் மீன்பிடிக் கலங்களில் இக்கருவிகளைப் பொருத்தும் தேசியத் திட்டம், 364 கோடி உரூபாய் மதிப்பில் தொடங்கப்பட்டது. புயல் எச்சரிக்கை படகைச் சென்றடையும். மீனவரின் அபயக்குரல் கரையை வந்தடையும். படகு எல்லையை நெருங்கினால் எச்சரிக்கையும் எழும்.

சட்டமும் இக்கருவிகளைச் சார்ந்து நடக்கத் தொடங்கியுள்ளது. சுருக்குமடி வலை குறித்த வழக்கில் உச்சநீதிமன்றம் 2023 சனவரியில் இடைக்கால ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. 12 கடல்மைலுக்கு அப்பால், வாரத்தில் திங்கள், வியாழன் ஆகிய இரண்டு நாள்களில் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணிவரை அவ்வலையைப் பயன்படுத்த அது இசைவளித்தது. இருப்பிடம் காட்டும் கருவி படகில் இயங்கவேண்டும் என்பது நிபந்தனைகளுள் ஒன்று.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சுகிறது. மீன் மிகுந்திருக்கும் இடத்தை அறிவது, தலைமுறைகள் தேடிச் சேர்த்த செல்வம். தந்தை மகனுக்கு மட்டும் உரைக்கும் மறைபொருள் அது. படகின் பாதை முழுவதும் பதிவானால் அச்செல்வம் யார் கைக்குச் செல்லும்? கரையோரம் பறக்கும் ட்ரோன், படகோடு நில்லாமல் வீட்டு முற்றத்தையும் படம்பிடித்தால் என்ன செய்வது? தனியுரிமை அடிப்படை உரிமையே என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017இல் தீர்ப்பளித்துள்ளது. எதற்காகப் பார்ப்பது, எவ்வளவு காலம் பதிவை வைத்திருப்பது, யாருக்குக் காட்டுவது என்பவற்றை முன்கூட்டியே வரையறுப்பது அரசின் பொறுப்பாகும். வரம்பில்லாக் கண்காணிப்பு, காவலாகாது, அச்சமாகிவிடும்.

கரையின் இசைவு

வானூர்திகள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நெய்தல் நிலத்தார் தமக்கென நெறிகளை வகுத்துக்கொண்டனர். முழுநிலா நாளில் பரதவர் மீன்பிடிக்கச் செல்லாது ஓய்ந்திருந்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. இன்றும் சோழமண்டலக் கரையின் பல மீனவர் சிற்றூர்களில், எவ்வலையைப் பயன்படுத்தலாம், எதனைக் கூடாது என்பதை ஊர்க்கூட்டம் முடிவுசெய்கிறது. பாக் நீரிணைப் பகுதியில் வாரத்தின் மூன்று நாள்கள் விசைப்படகுகளுக்கும், நான்கு நாள்கள் நாட்டுப்படகுகளுக்கும் எனக் கடலைப் பகிர்ந்துகொள்ளும் முறை உருவானது. வானத்தில் கண் இல்லாத காலத்திலும் இவ்வேற்பாடுகள் நின்றமைக்குக் காரணம், அவற்றை வகுத்தோரே அவற்றைக் காத்தனர் என்பதாகும்.

விதி யாருக்காக என்பதை மீனவர் உணர்ந்து, அவ்விதியை வகுப்பதில் அவருக்கும் இடமிருந்தால், மீறல் குறையும். பெரிய படகும் சிறிய படகும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுகின்றன என்ற நம்பிக்கை பிறந்தால், 3 கடல்மைலுக்குள் நுழையும் இழுவைப் படகைப் பற்றிய முதல் செய்தி, ட்ரோனிலிருந்து வராது. வலை விரித்துக் காத்திருக்கும் மீனவரிடமிருந்தே வரும். அச்செய்தியை மெய்ப்பிக்க வானூர்தி துணைநிற்கும்.

ஆனைக்குட்டத்தின் நீர் கடலைச் சேர்வதற்குள் பல ஊர்களைக் கடக்கிறது. எந்த ஊரும் அந்நீரைத் தனக்கே உரியதெனக் கூற இயலாது. கடலும் அத்தகையது. அதனை ஒருவர் வேலியிட்டுக் காக்க முடியாது; ஒருவர் விழித்திருந்தும் காக்க முடியாது. வானிலிருந்து நோக்கும் கண்ணும், கரையிலிருந்து நோக்கும் கண்ணும் ஒரே அறத்தை நோக்கும்போதுதான் கடல் காக்கப்படும்.

சொற்பொருள்

குட்டம் – ஆழமான நீர்நிலை
மடி – பை வடிவ மீன்வலை
ஆவுளியா – கடற்பசு
குறிகை – செய்தி தாங்கிய அலை
அபயக்குரல் – அடைக்கலம் வேண்டும் குரல்
இசைவு – உடன்பாடு

இலக்கணக் குறிப்பு

விரிகடல், அலைகடல் – வினைத்தொகைகள்
காணாப் படகுகள் – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்

பகுபத உறுப்பிலக்கணம்

காத்தனர் – கா + த் + த் + அன் + அர்
கா – பகுதி. த் – சந்தி. த் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் நீர்நிலையிலிருந்து வெளியேறும் நீர் எந்த ஆற்றின் வழியே எந்தக் கடலைச் சேர்கிறது என்பதை வரைபடமாக வரைக.
2. 'கண்காணிப்பு: காவலா? கட்டுப்பாடா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

குறுவினா
1. நாட்டுப்படகு மீனவர்க்கு உரிய கடற்பரப்பின் எல்லை யாது?
2. மீன்பிடித் தடைக்காலம் எதற்காக விதிக்கப்படுகிறது?

சிறுவினா
1. அல்பட்ராசு பறவைகளின் வழியே மறைந்து இயங்கும் கலங்கள் கண்டறியப்பட்ட முறையை விளக்குக.
2. 'காட்சி வேறு, சான்று வேறு' – வான்வழிக் கண்காணிப்பைக் கொண்டு நிறுவுக.

நெடுவினா
கடல்வளத்தைக் காப்பதில் தொழில்நுட்பம், சட்டம், மீனவர் சமூகம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சார்ந்திருப்பதைத் தக்க எடுத்துக்காட்டுகளுடன் கட்டுரைக்க.